மூன்று முறை தோற்றவர் நான்காவது முறை ஏன் நிற்கிறார்? ஊராட்சித் தேர்தல் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. வேட்புமனு முதல் செலவுக் கணக்கு வரை வேட்பாளர்களுக்கு எழுதிக்கொடுத்துப் பழகியவர் பதில் சொல்கிறார்.

பாலக்கோடு: எங்க ஊர்ல ஒருத்தர் 2006, 2011, 2019 மூணு தடவையும் தலைவருக்கு நின்னு தோத்துட்டாரு. அடுத்ததுக்கும் இப்பவே நோட்டுப் புத்தகம் போட்டு ஓட்டுக்காரங்க பேர் எழுதறாரு. பணத் திமிரா சார், இல்ல வேற ஏதாவதா?

அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும். 2,400 ஓட்டு உள்ள ஊராட்சியில் 80 சதவீதம் பதிவானால் 1,920. ஐந்து பேர் நின்றால் 620 வாங்கியவர் ஜெயித்துவிடுவார். இவர் 450 வாங்கியிருந்தால் பற்றாமல் போனது 170. வீட்டுக்கு மூன்று ஓட்டு என்று வைத்தால் அறுபது வீடு கூட வராது, ஒரே ஒரு கொட்டாய் (குக்கிராமம்). எந்தக் கொட்டாய் கைவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஊர் பார்ப்பது மூன்று தோல்வி. அவர் கணக்கில் அது அறுபது வீடு. சட்டமன்றத் தொகுதியில் இப்படி நினைப்பவர் ஏமாளி. ஊராட்சியில் இது நியாயமான கணக்குதான்.

வேறு காரணங்களும் உண்டு. "தலைவருக்கு நின்னவர்" என்ற பெயரே ஒரு பதவி மாதிரி. ஊர்ப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், ஒன்றிய அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கும். ஒரு தடவை நிற்காமல் விட்டால் அவருடைய 450-ஐ எதிராளியோ இன்னொரு பங்காளியோ அள்ளிக்கொள்வார். போன ஓட்டு அடுத்த முறை திரும்பாது. வாபஸ் வாங்குவதற்கு விலை பேசவே மனு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு ரகம், வாபஸ் கடைசி நாள் மதியத்தில் அடையாளம் தெரிந்துவிடும்.

பென்னாகரம்: மேட்டூர் பத்மராஜன் மாதிரிதானே இவங்களும்?

இல்லை. அவர் 1988 முதல் நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றவர். 2024 மக்களவைத் தேர்தலில் நம் தருமபுரியிலும் நின்றார். ஜெயிப்பது தன் நோக்கமே இல்லை என்று அவரே சொல்கிறார். ஊராட்சியில் திரும்பத் திரும்ப நிற்பவர் அப்படிச் சொல்லிக் கேட்டதுண்டா?

காரிமங்கலம்: எவ்வளவு செலவாகும்? சட்டப்படி எவ்வளவு, நெசத்துல எவ்வளவு?

2019-இல் டெபாசிட் தொகை: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய வார்டு உறுப்பினருக்கும் 600, மாவட்ட வார்டு உறுப்பினருக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. செலவு உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000, ஒன்றியத்துக்கு 85,000, மாவட்டத்துக்கு 1,70,000. அடுத்த தேர்தலுக்கு இது மாறலாம், அறிவிக்கை வந்ததும் பாருங்கள்.

நிஜத்தில் எவ்வளவு என்று கேட்டால், ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுக்கும் ஊரில் கணக்கே இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று முறை தோற்றவர்களில் கடனில் மூழ்கியவர்களைப் பாருங்கள், அத்தனை பேரும் கடைசி இரண்டு ராத்திரியில்தான் மூழ்கியிருப்பார்கள். நோட்டீஸ், ஆட்டோ, மைக் செட், டீ, சாப்பாடு இவற்றால் யாரும் நிலம் விற்றதில்லை.

அரூர்: தோத்தவங்களும் செலவுக் கணக்கு கொடுக்கணுமா? எங்க ஊர்ல யாரும் கொடுத்த மாதிரி தெரியல.

கொடுக்கவேண்டும். மறுபடி நிற்க நினைப்பவர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். "தோத்துட்டோம், இனி என்ன கணக்கு" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இடையில் இடைத்தேர்தல் வந்து மனு போடும்போது தகுதி நீக்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

மனு போட்ட நாளிலிருந்து முடிவு வந்த நாள் வரை தினக்கணக்கு எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன செலவு, யாருக்கு, எவ்வளவு, ரசீது எண். நண்பர் இலவசமாகக் கொடுத்த ஆட்டோவுக்கும் வாடகை மதிப்பு போடுங்கள். செலவே இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள், வெற்று நாள் இருந்தால் கேள்வி வரும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் எத்தனை பிரதி என்பதும் இருக்கவேண்டும். அது இல்லாத நோட்டீஸை எதிராளி புகாரோடு கொண்டுபோய் வைப்பார். கணக்கைக் கொடுத்ததற்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகை இல்லையென்றால் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான்.

நல்லம்பள்ளி: எங்க ஊராட்சி பெண்கள் பொதுன்னு மாறிடுச்சு. பத்து வருஷமா ஒழச்சவரு இப்ப சம்சாரத்த நிறுத்தறேங்கிறாரு. இது சரியா?

சட்டப்படி தடை இல்லை. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தினார்கள். நம் ஊராட்சிகளில் அதன்படி நடந்த முதல் தேர்தல் 2019. ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒரு முறை சுழல்வதாகத்தான் விதி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை விகிதம் அதிகமுள்ள ஊராட்சியிலிருந்து இறங்குவரிசையில் ஒதுக்கிக்கொண்டு வருவார்கள். ஆகவே திரும்பத் திரும்ப நிற்கும் ஒருவருடைய விதியை எதிராளியைவிட ஒதுக்கீட்டை அறிவிக்கும் அரசிதழே அதிகம் தீர்மானிக்கிறது. அரசிதழ் வருவதற்கு முன் பணத்தை இறக்காதீர்கள்.

சம்சாரம் ஜெயித்தால் கையெழுத்து அவருடையது, பொறுப்பும் அவருடையது. முறைகேடு என்று மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டால் நோட்டீஸ் அந்த அம்மா பெயருக்குத்தான் வரும். பின்னால் நிற்கும் கணவருக்கு ஒரு காகிதமும் வராது. இதைச் சொல்லிவிட்டு அவருடைய சம்மதம் கேளுங்கள்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று: ஒதுக்கீடு இல்லாத பொது இடத்தில் பெண்ணும் நிற்கலாம், பட்டியல் சாதியினரும் நிற்கலாம். பாதி டெபாசிட் சலுகை அங்கேயும் உண்டு.

ஊத்தங்கரை: எனக்கு மூணு குழந்தை. நிக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆந்திரத்தில் நெடுநாள் இருந்த விதியை இங்கே சொல்லிக் குழப்புகிறார்கள். 21 வயது முடிந்திருக்கவேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். அரசு வேலையில் இருக்கக் கூடாது, ஊராட்சியோடு நடப்பில் ஒப்பந்த வேலை இருக்கக் கூடாது, ஊராட்சிக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தாலும் மனு தள்ளுபடியாகும். அப்பா பெயரில் இருக்கும் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் கட்டி ரசீதும், பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிசீலனை நாள் காலையில் ஓடினால் ஊராட்சிச் செயலர் கிடைக்கமாட்டார்.

வேப்பனப்பள்ளி: போன தடவை வாங்கின பூட்டு சாவி சின்னமே இந்தத் தடவையும் கிடைக்குமா?

உறுதி இல்லை. கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சாராத தேர்தல். சின்னம், மனு வாபஸ் முடிந்த பிறகுதான் ஒதுக்கப்படும். ஐந்து வருஷம் பூட்டு சாவியைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஆட்டோ வந்தால் முழித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். முன்கூட்டி நோட்டீஸ் அடித்துவைக்காதீர்கள். திரும்ப நிற்பவருக்கு ஊர் அறிந்த பெயர்தான் நிலையான சின்னம். உங்கள் பக்கம் தெலுங்கு வீடுகள் அதிகம், தளி, ஓசூர்ப் பக்கம் கன்னடமும் சேரும். நோட்டீஸை இரண்டு மொழியில் அடியுங்கள், வீட்டு வாசலில் பேச அந்த மொழி பேசும் ஆளைக் கூட்டிப்போங்கள்.

கடத்தூர்: 2019-ல எங்க சித்தப்பா 11 ஓட்டுல தோத்தாரு. செல்லாத ஓட்டு மட்டும் 60-க்கு மேல. இதை எப்படிக் கொறைக்கறது?

இது கைக்கு எட்டும் வேலை. ஆனால் யாரும் செய்வதில்லை. 11 ஓட்டில் தோற்றவர் புது ஆதரவாளரைத் தேட வேண்டியதே இல்லை, தன் ஆதரவாளரின் கையைத் திருத்தினாலே போதும்.

ஊராட்சி வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயதானவர்கள் நான்கையும் வாங்கித் திகைத்துப்போய், முதல் சீட்டில் குத்திவிட்டு மற்றதை அப்படியே போடுவார்கள். இல்லையென்றால் எல்லாச் சீட்டிலும் மேலே மூன்றாவது இடத்தில் குத்துவார்கள். "மூணாவது" என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்! இடத்தைச் சொல்லாதீர்கள். நிறத்தையும் சின்னத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ரோஸ் சீட்டுல ஆட்டோ."

இரண்டு சின்னத்துக்கு நடுவில் கோட்டின் மேல் குத்தினால் யாருக்கு என்று தெரியாமல் தள்ளுபடி. சின்னத்தின் மேல் அழுத்தி ஒரே குத்து. சந்தேகத்தில் இன்னொரு தடவை குத்தக் கூடாது, பேனாவால் டிக் அடிக்கக் கூடாது, கைநாட்டு வைக்கக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது.

மடிப்பும் முக்கியம். ஈர மையோடு மேலிருந்து கீழாக மடித்தால் இன்னொரு வேட்பாளர் சின்னத்தில் மை ஒட்டும். முதலில் நெட்டுவாக்கில் மடித்தால் அதே வரிசையில் உள்ள பெயரின் மேல்தான் படும். ஒட்டிய மை தலைகீழ்ப் பிம்பமாக இருப்பதால் அசல் முத்திரை எது என்று காட்டி வாதாடலாம். ஆனால் எண்ணும் இடத்தில் இருக்கும் உங்கள் முகவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். சாப்பாடு வாங்கித் தருகிறாரே என்று யாரையோ முகவராகப் போடாதீர்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிப்பதற்கு முன்பே மறு எண்ணிக்கை கேட்டு எழுத்தில் கொடுக்கவேண்டும். அறிவித்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு போடுவதுதான் வழி. சமமாக வந்தால் குலுக்கல்.

பர்கூர்: ஊருக்குள்ள தலைவர் பதவிய ஏலம் விட்டு ஒரே மனு போட வெக்கிறாங்க. மறுபடி மறுபடி நிக்கிற ஒருத்தர் இதுக்கு ஒத்துக்கமாட்டேங்கிறாரு. ஊர் அவரைத் திட்டுது.

ஊர் திட்டட்டும். ஏலம் சட்டவிரோதம், மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரித்திருக்கிறது. இரண்டாவது மனு என்று ஒன்று இருக்கிற வரைதான் உங்கள் கையில் ஓட்டு. அவர் 40 ஓட்டு வாங்கித் தோற்றாலும் சரி.

மத்தூர்: நான் தொடர்ந்து தலைவருக்கே நிக்கறேன். வார்டு மெம்பருக்கு எறங்கறது கௌரவக் கொறச்சல்தானே?

அந்தக் கௌரவம்தான் பலரைத் திரும்பத் திரும்பத் தோற்க வைக்கிறது. சின்ன வார்டில் முந்நூறு ஓட்டுக்குள் முடிந்துவிடும், 120 வாங்கினால் உறுப்பினர். துணைத்தலைவரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பில் நகராது. தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய், அதற்காக யாரும் நிற்பதில்லை. தீர்மானத்துக்கும் காசோலைக்கும்தான் போட்டி. ஒரு முறை துணைத்தலைவராக இருந்து தெருவிளக்கையும் குடிநீர் மோட்டாரையும் ஒழுங்காகப் பார்த்தவருக்கு அடுத்த முறை நோட்டீஸ் செலவு பாதியாகும்.

சூளகிரி: அடுத்த தேர்தல் எப்பன்னே தெரியல. அதுவரை என்ன செய்யணும்?

2011-இல் தேர்ந்தெடுத்தவர்கள் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்தான். அப்போது வந்தவர்கள் காலமும் 5.1.2025-உடன் முடிந்து, மறுபடி தனி அலுவலர். இந்த இடைவெளியில் ஊராட்சி நிர்வாகம் வட்டார வளர்ச்சி அலுவலர் கையில். ஊரில் கேள்வி கேட்க ஆள் இல்லாத காலம் இது. அடுத்து நிற்பவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறுக்கும் போங்கள். வரவு செலவுப் படிவத்தை வாங்கி, ஒரே ஒரு செலவைப் பற்றி எழுத்தில் கேளுங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை ஊரறிந்தது. ஒகேனக்கல் குடிநீர் உங்கள் தொட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்களா என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பேசும்போது யாராலும் மறுக்க முடியாது.

வாக்காளர் பட்டியலையும் கவனியுங்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் தயாராகும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், ஓசூர்க் கம்பெனிக்குக் குடி போனவர் பெயர் ஊரில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பாருங்கள். 18 முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. தேர்தல் அறிவித்த பிறகு பட்டியலைத் தேடி ஓடுகிறவர், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணின் ஓட்டையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் நிற்பார்.