அந்த ஒரு 'உம்'

கேள்வி: இந்த நவீன யுகத்திலும் மக்கள் மதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்? நீங்கள் ஆத்திகரா, நாத்திகரா? ஒரே வரியில் பதில் சொல்லவும். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஒரு வரி கேட்டவருக்கு ஒரு பக்கம் எழுதுவது என் பழைய வியாதி. அதிலும் நீங்கள் 'யுகத்திலும்' என்று எழுதிவிட்டீர்கள். மதத்தை விடுங்கள், அந்த 'உம்' கிடைத்ததே எனக்குப் போதும்.

தொல்காப்பியர் உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். உங்களுடையது சிறப்பும்மை. 'இந்த மழையிலும் வந்துவிட்டான்' என்றால், இன்றைக்கு வரமாட்டான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம் என்று அர்த்தம். 'நவீன யுகத்திலும் மதம்' என்றால், இந்நேரம் போயிருக்க வேண்டியது இன்னும் போகவில்லை என்று அர்த்தம். தீர்ப்பை எழுதி இரண்டு எழுத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல என்னிடம் காரணம் கேட்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். எங்கள் பிழைதிருத்துநரிடம் அகப்பட்டிருந்தால் அந்த உம் பிழைத்திருக்காது. என் தலையங்கங்களில் உம்மைக் கண்ட இடத்தில் வெட்டுவார். கேட்டால் "அது இல்லாமலே அர்த்தம் வருதே சார்" என்பார். இத்தனை வருஷமாக அவர் வெட்டியதையெல்லாம் கூட்டினால் தனி மலரே போடலாம். 'நானும் மனிதன்தான்' என்று ஒருமுறை உருக்கமாக எழுதியிருந்தேன். அச்சில் 'நான் மனிதன்தான்' என்று வந்தது. யாரோ சந்தேகம் கிளப்பி நான் மறுப்பு வெளியிட்டதுபோல இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு முன்பே பெரிய பெரிய ஆட்கள் இந்த உம்மைப் போட்டிருக்கிறார்கள். உலகத்தின் மாயம் கலைந்துவிட்டது என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917-ல் மியூனிக்கில் பேசினார். பீட்டர் பெர்கர் என்ற சமூகவியலாளர் 1968-ல், 21-ஆம் நூற்றாண்டில் மத நம்பிக்கையுள்ளவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக ஒண்டிக்கொண்டிருப்பார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் சொன்னார். அந்த நூற்றாண்டு பிறக்கும் முன்பே, 1999-ல், அவரே தன் கணிப்பு தப்பு என்று எழுதினார். சில விதிவிலக்குகளைத் தவிர உலகம் எப்போதும்போல மதப் பிடிப்போடுதான் இருக்கிறது, சில இடங்களில் முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது என்றார். தப்பை ஒத்துக்கொண்ட அறிஞர்களுக்கு ஆளுக்கொரு சிலை வைக்கலாம் என்பது என் நெடுநாள் யோசனை. கல் அதிகம் தேவைப்படாது.

பெர்கர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். நவீன வாழ்க்கை மதத்தை ஒழிக்கவில்லை, அதைத் தேர்வாக்கிவிட்டது. முன்பெல்லாம் மதம் கண் நிறம் மாதிரி, பிறந்தபோதே வந்துவிடும். இப்போது நாலு பக்கமும் நாலு விதமாக வாழ்கிறவர்களைப் பார்த்தபடி இருக்க வேண்டியிருக்கிறது. விட்டவன் ஏன் விட்டான் என்று மட்டும் கேட்ட காலம் போய், இருக்கிறவனும் ஏன் இருக்கிறான் என்று சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. (இந்த உம் வேண்டும். வெட்டாதீர்கள் ஐயா.) காரணம் சொல்லச் சொன்னால் சிலர் விட்டுவிடுகிறார்கள், சிலர் இரண்டு மடங்கு இறுக்கிக்கொள்கிறார்கள்.

இறுக்கிக்கொள்கிறவர்களைப் பழமைவாதிகள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் புத்தம்புதியவர்கள். 'அடிப்படைவாதி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் முதலில் போட்டது 1920-ல், அமெரிக்காவில். விமானம் அதற்கு 17 வயது மூத்தது. அந்தச் சொல்லுக்குக் காரணமான, 'அடிப்படைகள்' என்ற தலைப்பிட்ட கிறிஸ்தவப் பிரசுரங்கள் 1910 முதல் 1915 வரை வந்தன. எண்ணெய் முதலாளி ஒருவர் பணம் போட, லட்சக்கணக்கில் அச்சடித்து, இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். எண்ணெய், அச்சு, தபால்: மூன்றும் நவீனம். சொல்லை உருவாக்கியவரும் ஒரு பத்திரிகை ஆசிரியர்தான், அதுவும் பாராட்டாக. எங்கள் தொழிலின் பாவக்கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதத்தை விட்டவர்கள் கதை இதைவிட வேடிக்கை. பிரான்சில் சேன் சிமோன் என்ற சிந்தனையாளர் விஞ்ஞானத்தையும் தொழிலையும் வைத்துப் புதிய சமுதாயம் கட்டலாம் என்று எழுதி 1825-ல் இறந்துபோனார். சீடர்கள் அதையே ஒரு மதமாக்கிவிட்டார்கள். 1832-ல் ஏறக்குறைய நாற்பது ஆண்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். தலைவரை 'தந்தையே' என்றார்கள். அவர்கள் போட்ட உள்சட்டையில் பொத்தான் முதுகுப்பக்கம்! வேறொருவர் உதவியில்லாமல் போடவே முடியாது. மனிதனுக்கு மனிதன் தேவை என்பது தினமும் காலையில் உறைக்க வேண்டுமாம். பக்கத்து ஆளிடம் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற அந்த நாற்பது பேரையும் நினைத்துப் பாருங்கள். முந்தின ராத்திரி இரண்டு பேருக்குள் சண்டை என்றால் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை. அதே வருஷம் வழக்குப் போட்டுத் தலைவரைச் சிறையில் தள்ளினார்கள். அங்கே பொத்தான் போட்டது யார் என்று தெரியவில்லை.

சிரித்தாலும், முதுகுப் பொத்தான்காரர்களை என்னால் ஒதுக்க முடியவில்லை. அமெரிக்காவில் 1985-ல் வந்த ஓர் ஆய்வில் ஷீலா என்று பெயர் மாற்றிச் சொல்லப்பட்ட செவிலியர் வருகிறார். தனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, ஆனால் எந்தச் சபைக்கும் போவதில்லை, தன் மதத்தின் பெயர் 'ஷீலாயிசம்' என்கிறார். வேதம் என்று பார்த்தால் அவருடைய சொந்தச் சின்னக் குரல்தான். இன்று 'எனக்கு ஆன்மிகம் உண்டு, மதம் கிடையாது' என்கிறவர்களெல்லாம் இந்த ஷீலாவின் சொந்தக்காரர்கள். உறுப்பினர் ஒருவரே என்பதால் மதக் கலவரம் வராது, அது பெரிய லாபம். உடம்புக்கு முடியாமல் படுத்தால் பார்க்க வருவது யார், செத்தால் தூக்குவது யார் என்று கேட்டால் மட்டும் ஷீலாயிசத்தில் பதில் இல்லை. முதுகுப் பொத்தான்காரர்களிடம் இருந்தது. வானத்தைப் பற்றிய சந்தேகங்களைவிட இந்த இரண்டு கேள்விகள்தான் பலரை மதத்துக்குள் உட்கார்த்திவைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதே பக்கத்தில் முன்பு ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன். சிலருக்குப் பாட்டு காதில் ஏறாததுபோலத் தனக்கு மதம் ஏறாது, மத விஷயத்தில் தனக்கு இசை ஞானம் கிடையாது, அதற்காகத் தான் மதத்துக்கு எதிரியும் இல்லை என்று வெபர் 1909-ல் ஒரு கடிதத்தில் எழுதியதைச் சொல்லி, நானும் அந்தக் கட்சிதான் என்றேன். ஆத்திகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். நாத்திகர்களும் நிறுத்தினார்கள். அந்த வாரம் 'நானும்' என்பதில் உம் வெட்டப்படவில்லை. பிழைதிருத்துநர் விடுப்பில் இருந்தார்.