பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் மகளுக்கு என்ன வேலை?

கேள்வி: மகள் எம்.ஏ. பொருளியல் முடிக்கப் போகிறாள். டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர வேண்டும் என்கிறாள். ராணுவத்துக்குத் தெரியாததையா வெளியாட்கள் சொல்லிவிடப் போகிறார்கள்? நம்பி அனுப்பலாமா? - ஒரு தாய், தேவகோட்டை

பதில்: அம்மா, போர்முனையைப் பற்றி ராணுவத்துக்குத் தெரிந்ததில் கால்பங்குகூட வெளியாட்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் தேவைப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் பர்மாவில் நடத்திய வட்டிக்கடையின் ஐந்தொகையை (சொத்து, கடன் கணக்கை) அங்கிருந்த மேலாள் எழுதி அனுப்பினாலும், ஊரில் இன்னொருவர் ஒருமுறை பார்ப்பது நல்லதுதானே? அதுபோலத்தான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டது: குண்டுவீச்சு விமானங்களுக்கு வெளிநாடுகளில் எங்கே தளம் அமைக்கலாம்? அங்கிருந்த ஆய்வாளர் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டரின் குழு, தளத்திலிருந்து இலக்குக்கு எவ்வளவு தூரம் என்பதோடு நிற்கவில்லை. எதிரியின் தளத்திலிருந்து அமெரிக்கத் தளம் எவ்வளவு தூரம் என்றும் கணக்குப் போட்டது. இலக்குக்குப் பக்கத்தில் நிற்கும் விமானம் முதல் அடியிலேயே தரையில் அழிந்துபோகலாம். அதனால் விமானங்கள் தாய்நாட்டில் இருக்கட்டும், வெளித்தளங்களில் எரிபொருள் நிரப்பினால் போதும் என்றார்கள். கேட்ட கேள்வியையே மாற்றிய இந்தத் துணிவைத்தான் நான் இந்தத் துறையின் உயிர் என்பேன்.

நம் நாட்டில் 1965இல் டெல்லியில் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (ஐ.டி.எஸ்.ஏ.) இன்று முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் பெயரில் இயங்குகிறது. அதன் இயக்குநராக இருந்தவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். 1999இல் கார்கில் போரைப் பற்றி ஆராய அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்த அறிக்கையைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு, முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்று 2001இல் பரிந்துரைத்தது. முதல் தளபதி பொறுப்பேற்றது 2020 ஜனவரியில்! மகளுக்குப் பொறுமை வேண்டும்.

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மாதிரி ஆய்வுக்கூடம் இங்கே கிடையாது. வேலையெல்லாம் ஆவணத்திலும் கணக்கிலும்தான். பொருளியல் படித்தவருக்கு அது தோதானது. பாதுகாப்பு நிதியில் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு போகிறது, தளவாடம் வாங்க எவ்வளவு மிஞ்சுகிறது என்பதெல்லாம் பட்ஜெட் ஆவணங்களிலும் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளிலும் இலவசமாகவே கிடைக்கும். ரகசியம் எதையும் தொட வேண்டியதில்லை. பத்தாண்டுக் கணக்கை வைத்து நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு அதையும் அனுப்பட்டும்.

அப்புறம், பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் சொன்ன டெல்லி நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகமே நிதி தருகிறது. வேறு சிலவற்றுக்குத் தனியார் நன்கொடை. பணம் தருபவருக்குப் பிடிக்காத முடிவையும் வெளியிட்டிருக்கிறார்களா என்று பழைய அறிக்கைகளில் தேடினாலே விஷயம் புரியும். தொடக்கநிலை இடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். எத்தனை ஆண்டு, சம்பளத்தில் டெல்லி வாடகை கட்டுமா, கட்டுரை அவள் பெயரில் வெளியாகுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தாராளமாக அனுப்புங்கள்.