குண்டு வரிசையில் ஒலி: எது போகும், எது நிற்கும்? (கேள்வி பதில்)

எஃகுக் கம்பியில் ஒலி நொடிக்கு 5 கி.மீ. அளவில் போகிறது. அதே எஃகைக் குண்டுகளாக்கி வரிசையாக வைத்தால் வேகம் படுத்துவிடுகிறதே, ஏன் சார்? (இயற்பியல் மாணவி)

குண்டும் குண்டும் தொடுவது ஒரு துளி இடத்தில்தான். அலை அந்த இடுக்கைத் தாண்டியாக வேண்டும். தொடுமிடம் எப்படி நசுங்கும் என்பதை 1880-களின் தொடக்கத்திலேயே ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுவிட்டார். நசுங்கும் தூரத்தின் 3/2 அடுக்குக்கு ஏற்ப விசை கூடும். அதாவது அழுத்த அழுத்த விறைப்பு ஏறும், அழுத்தமே இல்லையென்றால் விறைப்பும் இல்லை.

19 மி.மீ. எஃகுக் குண்டுகளை 20 நியூட்டன் விசையில், ஏறக்குறைய 2 கிலோ பாரத்தில், நெருக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடுமிடமும் நசுங்குவது சுமார் 1.6 மைக்ரான், தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டருக்கு இறங்கிவிடும்.

சரி, இந்த வரிசை சில அதிர்வெண்களை விட்டு, சிலவற்றை நிறுத்துகிறது என்கிறார்களே, இதில் வடிகட்டுவது எது?

வரிசை துண்டு துண்டாக இருப்பதுதான். இரண்டு குண்டு நீளத்துக்குக் குறைவான அலைநீளம் இதில் ஓட முடியாது. அந்த எல்லையில் பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் எதிரெதிராக ஆடும். இதற்கு மேல் எதுவும் போகாது என்ற எல்லைதான் வெட்டு அதிர்வெண்; மேலே சொன்ன வரிசைக்கு அது சுமார் 8 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸைக் கொடுத்துப் பாருங்கள்: முதல் குண்டு நன்றாகவே ஆடும், அடுத்தது அதில் கால்வாசி, அதற்கடுத்தது அதிலும் கால்வாசி. ஐந்து குண்டு தாண்டுவதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அந்தச் சக்தி எங்கே போயிற்று?

வந்த வழியே திரும்பிவிட்டது. உறிஞ்சப்படவில்லை. நிறையப் பேர் இதைத் தணிப்போடு, அதாவது அதிர்வு வெப்பமாகி வீணாவதோடு, குழப்பிக்கொள்கிறார்கள்.

வரிசையை அழுத்தும் ஸ்க்ரூவை இறுக்கி விசையை இரண்டு மடங்காக்கினால் எல்லையும் இரண்டு மடங்கு ஏறுமா? (லேத் பட்டறை வைத்திருப்பவர்)

ஏறாது. வெட்டு அதிர்வெண், அழுத்தும் விசையின் ஆறாம் மூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். விசையை இரட்டிப்பாக்கினால் 12 சதவீதம்தான் கிடைக்கும். எல்லையை இரட்டிப்பாக்க 64 மடங்கு விசை வேண்டும். ஆனாலும் குண்டை மாற்றாமல், ஸ்க்ரூவைத் திருகியே வடிகட்டியை நகர்த்தலாம் என்பது சின்ன வசதி இல்லை.

உங்களிடம் பேரிங் குண்டு இருக்குமே, வி-பள்ளத்தில் வைத்து முயன்று பாருங்கள். எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிடுங்கள். ஸ்க்ரூவுக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவில் மெத்தென்ற ஸ்பிரிங் ஒன்று போட்டால் விசை நிலையாக நிற்கும். நிறுத்தி வைக்காதீர்கள், படுக்கவையுங்கள். நிறுத்தினால் மேலிருக்கும் குண்டுகளின் பாரமும் சேர்ந்து, கீழே போகப் போக இறுக்கம் கூடும். சுத்தியல் வேண்டாம். அதிர்வு அந்த 1.6 மைக்ரானுக்குப் பக்கத்தில் வந்தாலே தொடுமிடங்கள் திறந்து மூட ஆரம்பிக்கும், மேலே போட்ட கணக்கு செல்லாது.

நடுவில் ஒரு அதிர்வெண் பட்டையை மட்டும் நிறுத்த முடியுமா?

முடியும். ஒரு எஃகு, ஒரு அலுமினியம் என்று ஒரே அளவுக் குண்டுகளை மாற்றி மாற்றி வையுங்கள். ஒலி போகும் பட்டைகள் இரண்டாகப் பிரியும்: கீழ்ப் பட்டையின் மேல் விளிம்பு கனமான குண்டைப் பொறுத்தது, மேல் பட்டையின் கீழ் விளிம்பு லேசான குண்டைப் பொறுத்தது. இடையில் எதுவும் போகாது. எஃகு, அலுமினிய ஜோடிக்கு இடைவெளியின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைப் போல 1.7 மடங்கு இருக்கும்.

அழுத்தாமல் சும்மா தொட்டபடி வைத்தால்?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். விறைப்பு பூஜ்யம் என்பதால் வழக்கமான ஒலி என்பதே அங்கே கிடையாது. ‘ஒலி வெற்றிடம்’ என்றார் சோவியத் இயற்பியலாளர் நெஸ்டெரென்கோ. ஒரு தட்டு தட்டினால் அது சுமார் ஐந்து குண்டு அகலமுள்ள தனி அலையாகத் திரண்டு, வடிவம் மாறாமல் ஓடும் என்று 1983-இல் கணக்கில் காட்டினார். ஓங்கித் தட்டினால் வேகம் கூடும், ஆனால் அகலம் அப்படியே இருக்கும். 1985-இல் லஸாரிடியுடன் சேர்ந்து சோதனையிலும் பார்த்தார். 1997-இல் பிரான்சில் கோஸ்ட், ஃபால்கோன், ஃபோவ் மூவரும் துல்லியமாக அளந்தார்கள்.

ரோட்டுச் சத்தத்தைத் தடுக்க வீட்டுச் சுவரில் பதிக்கலாமா?

வேண்டாம். லாரி உறுமல் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், இந்த வரிசை அதைத் தாராளமாக விட்டுவிடும். காற்றில் வரும் சத்தம் குண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

அப்படியானால் பயன்?

2011-இல் பெக்லர், தியோகாரிஸ், டராயோ ஆகியோர் வரிசையின் ஒரு முனைக்குப் பக்கத்தில் லேசான குண்டு ஒன்றைச் செருகி, கடக்க முடியாத அதிர்வெண்ணில் அதிரவைத்தார்கள். அந்த முனையிலிருந்து அதிரவைத்தால், அதிர்வின் வீச்சு ஓர் அளவைத் தாண்டியதும் சக்தி மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. எதிர்முனையிலிருந்து அதிரவைத்தால் போகவில்லை. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு செய்கிற வேலை அது. வீச்சை அந்த அளவை ஒட்டியே வைத்துக்கொண்டால் ஒலிக்கு ஸ்விட்சாகவும் ஆகும். பொருளாகக் கடைக்கு வருகிறதோ இல்லையோ, என்னைக் கேட்டால் சுவரில் பதிப்பதைவிட இந்தத் திசையில்தான் விஷயம் இருக்கிறது.