தொழில்முறை ஓட்டுநர்களோடு ஒரே காரில்: கேள்வி பதில்

ஒரே காரைப் பெரும்பாலும் மூன்று பேர் மாறி மாறிப் பல மணி நேரம் ஓட்டும் எண்டூரன்ஸ் கார் பந்தயங்களில் அமெச்சூராகக் கொஞ்ச காலம் ஓட்டியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பணம் கட்டி ஓட்டுகிறவர்களை ஏன் தொழில்முறைப் பந்தயத்தில் சேர்க்கிறார்கள்?

விதியே அப்படித்தான். கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், ப்ரான்ஸ் என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. கடைசித் தரமான ப்ரான்ஸில் வருவது பெரும்பாலும் என்னைப் போன்ற அமெச்சூர்கள். உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2024இல் வந்த எல்எம்ஜிடி3 பிரிவில் (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 கார்கள் ஓடும் பிரிவு) ஒவ்வொரு காரிலும் ஒரு ப்ரான்ஸ் ஓட்டுநர் கட்டாயம். செலவில் பெரும்பங்கு பெரும்பாலும் அவர் தலையில்தான். அதற்காக அவரை ஒப்புக்கு உட்கார்ந்திருப்பவர் என்று நினைக்காதீர்கள். தொழில்முறை ஓட்டுநர்களுக்குள் வேக வித்தியாசம் மிகக் குறைவு, ப்ரான்ஸ்களுக்குள் அது அதிகம். பந்தயம் கைகூடுவதும் நழுவுவதும் பலமுறை ப்ரான்ஸ் ஓட்டும் நேரத்தில்தான்.

கேள்வி: அண்ணா, ராத்திரியில் பின்னால் மிக வேகமான முதல் பிரிவுக் காரான ஹைப்பர்கார் வந்தால் பயமாக இருக்காதா?

பிரான்ஸில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான்ஸில் ஒரு சுற்று 13.626 கி.மீ. ஹைப்பர்கார் அதைச் சுமார் மூன்றரை நிமிடத்தில் முடிக்கும், ஜிடி3 காருக்குச் சுமார் நான்கு நிமிடம் ஆகும். அப்படியென்றால் ஒவ்வொரு ஹைப்பர்காரும் அரை மணிக்கு ஒருமுறை உங்களைத் தாண்டும். 20க்கு மேல் கார்கள் இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வெளிச்சம் கண்ணாடியில் வந்து நிற்கும். வெளிச்சம் தெரியுமே தவிர தூரம் தெரியாது. பல கார்களில் இருக்கும் பின்பக்க ரேடார் திரை இதற்குப் பெரிய உதவி.

பயத்தைவிட ஆபத்து, மரியாதைக்காக ஒதுங்குவது. உங்கள் பாதையிலேயே போங்கள், தாண்டுவது அவர் பொறுப்பு. ஓரத்துக்குப் போனால் டயரில் ரப்பர் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அடுத்த வளைவில் பிடிப்பு போய்விடும்.

கேள்வி: எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

லெ மான்ஸில் எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தம் 14 மணி நேரம்தான் உச்சம்.

கேள்வி: கூட ஓட்டியவர்களிடம் கற்றது?

பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. என் டேட்டாவையும் எங்கள் தொழில்முறை ஓட்டுநரின் டேட்டாவையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் போட்டார் இன்ஜினியர். இருவரும் பிரேக் போட்ட இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஓட்டுநரின் பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோடு சட்டென்று உச்சிக்கு ஏறி, வளைவின் நடுப்பகுதி வரை சாய்ந்து இறங்கியது. என்னுடையது தயங்கி ஏறி, பொத்தென்று விழுந்தது. அப்புறம் சிமுலேட்டரில் அதை மட்டுமே பழகினேன்.

கேள்வி: சார், எனக்கு 40 தாண்டிவிட்டது. முடியுமா?

தாராளமாக. நடிகர் பால் நியூமேன் 1979இல், 54 வயதில், லெ மான்ஸில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பிடித்த காரை ஓட்டியவர்களில் ஒருவர். கார் விற்பனைத் தொழில் நடத்தும் பென் கீட்டிங் 2022, 2023 இரண்டு வருடமும் அங்கே அமெச்சூர்களும் ஓட்டிய ‘ஜிடிஇ ஆம்’ (Am) பிரிவில் ஜெயித்தார்.

கேள்வி: அப்படியென்றால் நீங்கள் ஏன் சீக்கிரமே விலகினீர்கள்?

வேகம் கூடிய சிலரை சில்வராக உயர்த்திவிடுவார்கள், ப்ரான்ஸ் தேடும் அணிகளுக்கு அப்புறம் அவர்கள் தேவைப்படமாட்டார்கள். என் கதை வேறு. வேலையையும் பயிற்சி நாட்களையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை. அரைகுறைப் பயிற்சியோடு ஏறினால் கூட ஓட்டும் இருவரின் உழைப்பும் வீணாகும். அதை நான் செய்ய விரும்பவில்லை.