இங்கிலாந்து வாடகை ஃபிளாட்டில் மக்கிய வாடை: ஸ்ப்ரேக்குக் காசு போடாதீர்கள்

தம்பி, லெஸ்டரில் தரைத்தள ஃபிளாட், அலமாரியைத் திறந்தாலே மக்கிய வாடை, ரூம் ஸ்ப்ரே அடித்தும் போகவில்லை, 35 பவுண்டுக்கு ஒரு குட்டி டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். அந்த விலைக்கு வருவது பெல்டியர் வகை, கம்ப்ரஸர் இல்லாமல் ஒரு சின்னத் தகட்டைக் குளிரவைத்து ஈரம் பிடிப்பது. நல்ல வெக்கையில் நாள் முழுக்க ஓடினாலே 300 மில்லி பிடித்தால் அதிகம். இந்தக் குளிரில் அதுவும் தேறாது. ஒரு மெஷின் துணியை வீட்டுக்குள் காயப்போட்டால் 2 லிட்டர் தண்ணீர் வரை காற்றில் கலக்கும்.

முதலில் 10 பவுண்டுக்குள், காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி, படுக்கையறையில் ரேடியேட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் என்றால் நல்லது. அறை 20 டிகிரியில் 65 சதவீதம் காட்டினால், சுவர் மூலை 16 டிகிரிக்கு இறங்கினாலே போதும், பூஞ்சை பிடித்துவிடும். சுவரில் தண்ணீர் வழிய வேண்டும் என்றில்லை. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போட்டால் பின்னால் சூடும் போகாது, காற்றும் போகாது. உங்கள் வாடை அநேகமாக அங்கிருந்துதான். 5 முதல் 10 செ.மீ. இழுத்துப் போடுங்கள். முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஜன்னல். மழை பெய்தால் சாத்துவது நம் ஊர்ப் பழக்கம். சென்னை மழைக்காற்று வெதுவெதுப்பானது, ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். இங்கே ஜனவரியில் வெளியே 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றாலும், அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 35 தான். அதனால் தூறினாலும் காலையில் எதிரெதிர் ஜன்னல்களை 10 நிமிடம் அகலத் திறந்துவிடுங்கள். நாள் முழுக்க ஒரு இஞ்ச் திறந்து வைப்பதில் சுவர்தான் குளிரும். ஜன்னல் சட்டத்தின் மேலே நீளமாக ஒரு பிளவு, மூடியோடு இருக்கும். அது ட்ரிக்கிள் வென்ட், மெல்லக் காற்று வந்துபோகும் வழி. குளிருக்குப் பயந்து முன்பிருந்தவர்கள் டேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். கேஸ் பில்லுக்குப் பயந்து ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் போட்டால் காற்று சூடாகும், சுவர் சூடாகாது. குறைவாக, 17 டிகிரி அளவில், நெடுநேரம் விடுவது மேல்.

குளியலறை ஃபேன் சத்தம் போடுவதை நம்பாதீர்கள். டாய்லெட் பேப்பர் ஒரு தாளை ஓடும் ஃபேனின் கிரில்லில் வையுங்கள். ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் தூசி அடைத்திருக்கிறது. ஓடவே இல்லை என்றால் கதவுக்கு மேலே ஃபேனுக்கான கரண்டைத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் அது சும்மா அணைந்து கிடக்கும். குளித்தபின் கதவைச் சாத்தி 20 நிமிடம் ஓடட்டும். அடுப்புக்கு மேலுள்ள ஹூட் பல ஃபிளாட்களில் ஆவியை வெளியே தள்ளாது, கரி ஃபில்டரில் வடிகட்டி சமையலறைக்கே திருப்பி விடும். ஆகவே சாதமோ சாம்பாரோ கொதிக்கும்போது மூடி போடுங்கள், ஜன்னலையும் திறங்கள்.

துணியை ரேடியேட்டரில் விரிக்காதீர்கள். இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போட்டு, குளியலறையில் ஃபேன் ஓட, கதவைச் சாத்திக் காயப்போடுங்கள்.

சுவரில் பூஞ்சையின் கருப்புப் புள்ளிகளைக் காய்ந்த பிரஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறை, மாஸ்க் போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த ஈரத்துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போடுங்கள். பிறகு பூஞ்சை ஸ்ப்ரே. அதில் ப்ளீச் இருந்தால் வினிகர் பக்கமே போகக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

சுவர் சுத்தமானாலும் துணியில் வாடை தங்கும். பருத்தியை 60 டிகிரியில் துவையுங்கள். பட்டுப்புடவையைத் தண்ணீரில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். கார்பெட் முற்றிலும் காய்ந்திருந்தால் மட்டும் பேக்கிங் சோடா தூவி, ராத்திரி விட்டு, காலையில் வேக்யூம் செய்யலாம். ஈரமாக இருந்தால் களியாகிவிடும். பவுண்டு கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா மூடிய அலமாரிக்குச் சரி, அறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இத்தனைக்கும் பிறகு ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லையா, அப்போது பழைய 12 லிட்டர் கம்ப்ரஸர் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று தேடுங்கள். பெட்டியில் எழுதிய 12 லிட்டர் 30 டிகிரியில் அளந்தது. இங்கே 3 லிட்டர் வந்தாலே நல்ல வேலை. 200 வாட் மெஷின் 5 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சூடே போடாத அறை என்றால் கம்ப்ரஸர் திணறும், ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் சரி; அது கரண்ட் அதிகம் குடிக்கும்.

சுவரே ஈரமா என்று பார்க்க, அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்தால் நீங்கள் சமைத்து, குளித்து, துணி காயப்போட்டு வரும் நீராவி. சுவர்ப் பக்கம் நனைந்தால் கட்டடக் கோளாறு: கூரை வாய்க்கால் ஒழுகல், பைப், தரையிலிருந்து ஏறும் ஈரம். அது வீட்டுக்காரர் செலவு. "நீங்கள் உள்ளே துணி காயப்போடுகிறீர்கள்" என்பதுதான் அவர்களின் முதல் பதில். ஆகவே தேதியோடு படங்கள், ஹைக்ரோமீட்டர் அளவுகள், அந்தத் தாளின் படம் எல்லாம் சேர்த்து மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம். வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டம் தனியார் வாடகைக்கும் பொருந்தும். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள்.