சூப்பர் ஹீரோ படங்கள், ரசிகர் மாநாடுகள்: சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

அம்மாபேட்டை வாசகர்: சூப்பர் ஹீரோ படங்களை அறிவியல் புனைகதையில் சேர்க்கலாமா?

சிலவற்றைச் சேர்க்கலாம். நாயகனுக்கு வாய்த்த ஆற்றலுக்கு ஒரு விதி இருந்து, அவ்விதி அவனையே கட்டிப்போடுமானால் அது அறிவியல் புனைகதை. நெருக்கடி வரும்போதெல்லாம் ஆற்றல் வளர்ந்துகொண்டே போனால் அது மாயாஜாலம். உலக அறிவியல் புனைகதை மாநாட்டினர் என்னளவு கறாரானவர்கள் அல்லர். அவர்களுடைய ஹ்யூகோ விருதை 1979இல் 'சூப்பர்மேன்' படமும் 2013இல் 'தி அவெஞ்சர்ஸ்' படமும் பெற்றன.

ஆத்தூர் வாசகர்: மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வெளியான வரிசையில். 2008இல் வந்த 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்குங்கள்.

அஸ்தம்பட்டி மாணவி: வேர்ல்ட்கானும் சென்னை காமிக் கானும் ஒன்றுதானா?

இல்லை. வேர்ல்ட்கான் என்பது மேலே சொன்ன உலக அறிவியல் புனைகதை மாநாடுதான். 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய அதை ரசிகர்களே ஊதியமின்றி நடத்துகிறார்கள். சந்தா கட்டிய உறுப்பினர்கள் வாக்களித்து விருதையும், பின்வரும் மாநாடு கூடவேண்டிய ஊரையும் முடிவு செய்கிறார்கள். சென்னைக்கு 2024இல் வந்த காமிக் கான் வணிக விழா. சீட்டு வாங்கி, வேடமணிந்தவர்களோடு படமெடுத்து, கடைகளைச் சுற்றி வரலாம். அதிலும் குறையொன்றும் இல்லை. வேடமணிவதை அமெரிக்க ரசிகர்களான ஃபாரஸ்ட் ஆக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் அந்த 1939 மாநாட்டிலேயே தொடங்கிவைத்தார்கள். பின்னாளில் எழுத்தாளரான பிரடெரிக் போல் உள்ளிட்ட சில இளைஞர்களை அமைப்பாளர்கள் வாசலிலேயே தடுத்ததும் அங்கேதான். ரசிகர் சங்கச் சண்டை நம் ஊர்க் கண்டுபிடிப்பு அன்று. ஓர் எச்சரிக்கை: 'அரிய இதழ்' என்று சொல்லிப் பழைய தமிழ் காமிக்ஸை யானை விலைக்கு விற்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: உங்கள் விதிப்படி இரும்புக்கை மாயாவி எந்தப் பக்கம்?

ஐயத்துக்கு இடமின்றி அறிவியல் புனைகதைப் பக்கம். 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' காமிக்ஸ் இதழில் தோன்றி, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த அவருக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உடல் மறையும். அப்போதும் இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். சற்று நேரத்தில் உடலும் வெளிப்பட்டுவிடும். அருகில் மின்கம்பி இல்லாத இடத்தில் அவர் நம்மைப் போன்ற மனிதர்தான். கதையின் பரபரப்பு முழுவதும் இக்குறையிலிருந்தே பிறக்கிறது.

குகை வாசகர்: மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மின்சாரம் பாய்ந்தவர் எவரும் மறைந்ததில்லை, ஐயா.

தங்கள் அனுபவத்தோடு நான் வாதிட முடியாது. ஆனால் நான் கேட்பது மெய்ம்மையை அன்று, ஒழுங்கை. ஒரேயொரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதன் விளைவுகளைக் கடைசிப் பக்கம்வரை நேர்மையாகக் கணக்கிட்டால் போதும்.

சூரமங்கலம் வாசகர்: பின்னாளில் அவர் விரல்களில் துப்பாக்கியும் வானொலியும் முளைத்தனவே, உங்கள் விதியை மாயாவியே மீறவில்லையா?

இன்று வந்தவற்றுள் சிறந்த கேள்வி இது. அவை உளவுப்படையினர் பொருத்திக் கொடுத்த கருவிகள். மறையும் ஆற்றலின் விதி அவற்றால் தளரவில்லை. உங்கள் கட்சிக்கு வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் 'வேலியண்ட்' இதழினர் அவருக்குச் சீருடை மாட்டி, அமெரிக்கப் பாணி சூப்பர் ஹீரோவாக்கிப் பார்த்தார்கள். அக்கதைகளை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவ்வேடமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

மேட்டூர் வாசகர்: கிராஃபிக்ஸ் படிக்க நல்ல கல்லூரி எது?

என் துறை அன்று. அத்தொழிலில் இருப்பவரைக் கேளுங்கள்.

ஓமலூர் வாசகர்: மார்வெல் படங்களை எந்த வரிசையில்…

ஆத்தூர் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். வாழப்பாடி, சங்ககிரி வாசகர்களுக்கும் அதுவே பதில்.

ஏற்காடு வாசகர்: இங்கே ஒரு மாநாடு நடத்த இயலுமா?

இயலும். 1937இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடும் ஒரு சிறு கூடத்துக்குள் அடங்கிய கூட்டம்தான். அப்போது இளைஞராக இருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதில் ஒருவர். கோடை விழா நடக்கும் மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது. முதல் அமர்வில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தைப் பற்றிப் பேசலாம். அழிந்துபோன மம்மூத் யானைகள் இந்தியக் காட்டில் பிழைத்திருப்பதாகச் சொல்லும் படம் அது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து யார் வந்தாலும் வரவேற்று அமர வையுங்கள். பழைய இதழ்த் தரகர்களுக்கு மட்டும் மேசை ஒதுக்காதீர்கள்.