விட்ட கணக்கை மறுபடி பிடிப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

பள்ளிக்கூடத்தோடு கணக்கை விட்டு இருபது வருடம் ஆயிற்று. இப்போது நுண்கணிதம் படிக்க ஆசை. ஆனால் முதல் அத்தியாயத்திலேயே திணறுகிறேன். பின்னத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

எந்த வரியில் சிக்குகிறது என்று முதலில் பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கம், 3-க்குப் பக்கத்தில் என்ன வேகத்தில் மாறுகிறது? 3-உடன் 'ச' என்ற சிறு அளவைக் கூட்டினால் [(3+ச)² − 9] ÷ ச. விரித்தால் (6ச + ச²) ÷ ச. வகுத்தால் 6 + ச. ச-வைப் பூஜ்ஜியத்தை நோக்கிக் குறைத்தால் விடை 6. இதில் கடைசி அடி மட்டும்தான் நுண்கணிதம். முன்னால் உள்ளதெல்லாம் பள்ளிக்கூட இயற்கணிதம். பலர் இடறுவதும் அங்கேதான்.

வர்க்கத்துக்குப் பதில் தலைகீழியை வைத்து இதையே செய்து பாருங்கள்: [1/(3+ச) − 1/3] ÷ ச. விடை −1/9 வர வேண்டும். வந்துவிட்டால் தயங்காமல் மேலே போகலாம். பின்னங்களைக் கழிக்கும் இடத்தில், அதாவது 3(3+ச) என்ற பொதுப் பகுதிக்குக் கொண்டுவரும்போது, கை நின்றால் பின்னம், விரிவாக்கம், காரணிப்படுத்தல், அடுக்கு விதிகள் ஆகிய நான்கையும் ஒரு மாதம் உட்கார்ந்து போடுங்கள். பழைய பாடம் முழுவதையும் வரிசையாகப் படிக்கக் கிளம்பினால் பாதியில் அலுத்துவிடும்.

தீர்த்த கணக்கைப் படித்தால் எல்லாம் புரிகிறது. பயிற்சிக் கணக்கைத் தொட்டால் ஒன்றும் ஓடவில்லை. ஏன்?

அடுத்த அடி ஏன் சரி என்று ஒத்துக்கொள்வது ஒரு திறமை. அடுத்த அடி எது என்று கண்டுபிடிப்பது வேறு திறமை. படிப்பது முதலாவதைத்தான் வளர்க்கும். தீர்வைத் தாளால் மூடி வைத்து, அடுத்த வரியை நீங்கள் எழுதிய பிறகே ஒரு வரி கீழே இறக்குங்கள். முடிந்ததும் வெற்றுத்தாளில் முதலிலிருந்து போடுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. பயிற்சியில் சிக்கினால் இருபது நிமிடம் போராடுங்கள். பிறகு தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்று: அத்தியாயத் தலைப்பே எந்த முறை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாள் மூன்று அத்தியாயக் கணக்குகளைக் கலந்து போடுங்கள். விடைகள் இல்லாத புத்தகத்தைத் தனியாகப் படிப்பவர் வாங்கவே வேண்டாம்.

தினமும் எவ்வளவு நேரம்?

நாற்பது நிமிடம் போதும், ஆனால் அநேகமாகத் தினமும். ஒரே பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பயப்படாதீர்கள். கணக்குப் புத்தகத்தின் வேகமே அதுதான்.

கவனக்குறைவால் தப்பு வந்துகொண்டே இருக்கிறது.

ஒரே தப்பு மூன்று முறை வந்தால் அது கவனக்குறைவு இல்லை, மனதில் தவறான விதி பதிந்திருக்கிறது. (அ+ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுகிறீர்களா? 3, 4 போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. வர்க்கமூலத்திலும் இதே கதை: 9+16-இன் வர்க்கமூலம் 5, 7 அல்ல. க² = 5க என்பதை இருபுறமும் க-வால் வகுத்தால் 5 கிடைக்கும், 0 என்ற விடை காணாமல் போகும்; க பூஜ்ஜியமாக இருந்தால் அதால் வகுக்கவே கூடாது. 5க-வை இடப்பக்கம் கொண்டுவந்து க(க−5) = 0 என்று எழுதினால் இரண்டும் தப்பாது. தனி நோட்டில் இடப்பக்கம் தப்பான வரி, வலப்பக்கம் அதைப் பொய்யாக்கும் எண். கணக்குப் போட உட்காரும்முன் ஒருமுறை புரட்டுங்கள்.